காதர் பாய் வளர்த்த பெர்முடா

வளைகுடாவிலிருந்து ஊர் திரும்புகிறவர் பெட்டியில் என்னென்ன இருக்கும் என்று திறக்காமலே சொல்லிவிடலாம். கம்பளிப் போர்வை, அத்தர் குப்பி, பாதாம், முட்டிவலித் தைலம், அப்புறம் யாருக்கும் அளவு சரியாக இராத நாலைந்து சட்டைகள். காதர் மைதீன் வேலையை விட்டு ஒரேயடியாகத் திரும்பியபோது அதெல்லாமும் வந்தது. அதோடு கப்பலில் தனியாக ஒரு மரப்பெட்டியும் வந்தது. அதைப் பிரிக்கும்போது தெருவில் பாதிப் பேர் வந்து நின்றார்கள். உள்ளே இருந்தது புல் வெட்டும் இயந்திரம்.

திருவையாற்றுக்குத் தெற்கே, குடமுருட்டி ஆற்றுக் கரையோரம் இருக்கிற அந்த ஊரில் புல் வெட்ட ஓர் அரிவாள் போதும். அதற்கு மேல் வேண்டுமென்றால் ஒரு மாடு போதும். இதற்குப் போய்க் கடல் தாண்டி ஒரு மெஷினா என்று எல்லோருக்கும் தோன்றியது. ஆனால் இருபது வருஷம் வெயிலில் வெந்து வந்த மனிதரிடம் யார் கேட்பது?

"இது எதுக்குங்க?" என்று அவர் மனைவி நஃபீசாதான் கேட்டாள்.

"வூட்டுக்கு முன்னாடி புல்தரை போடப் போறேன்."

"வெளிநாட்டுப் புல்லா?"

"பெர்முடா" என்றார் காதர் மைதீன். சொல்லும்போது கொஞ்சம் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். நஃபீசா அதைக் கவனிக்கவில்லை.

கண்ணைத் திருப்பிக்கொண்டதற்குக் காரணம் இருந்தது. அபுதாபிக்குப் போகும்போது அவரிடம் சூப்பர்வைசர் வேலை என்றுதான் சொல்லி அனுப்பினார்கள். போய் இறங்கினால் ஒரு பெரிய கோல்ஃப் மைதானம். எங்கு பார்த்தாலும் பச்சை. மேஸ்திரியாக இருந்த எகிப்துக்காரர், ஏதோ புனிதமான இடத்துக்குக் கூட்டிப்போகிற பாவனையில் அவரை நடுமைதானத்துக்கு அழைத்துப்போய், குனிந்து புல்லைத் தடவி, "பெர்முடா" என்றார். காதர் மைதீனும் குனிந்தார். ஒரு கொடியைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். கணுவுக்குக் கணு வேர். இலை மட்டும் கொஞ்சம் மெலிசு. மற்றபடி சந்தேகமே இல்லை, அருகு.

அருகம்புல் என்றால் பூஜைக்கு நல்லது, உடம்புக்கு நல்லது என்றெல்லாம் சொல்வார்கள். அதெல்லாம் நகரத்தில் பாக்கெட்டில் வாங்குகிறவர்கள் பேச்சு. வயல் வைத்திருப்பவரிடம் கேட்டால் முகம் சுளிப்பார். காதர் மைதீனின் அத்தா குத்தகைக்கு நிலம் வைத்திருந்தவர். பள்ளிக்கூட விடுமுறை முழுக்க மகனை வயலில் குனிய வைத்து அருகு பிடுங்க வைத்தவர். அந்த வேலையிலிருந்து தப்பிக்கத்தான் காதர் மைதீன் பாஸ்போர்ட்டே எடுத்தார். எடுத்துப் போய் இறங்கிய இடத்தில் அதே அருகுக்குக் காலையும் மாலையும் தண்ணீர் விட்டு, உரம் வைத்து, சீவி, வாரி, பிள்ளை மாதிரி பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. இதை ஊருக்கு எப்படிச் சொல்வது? ஃபோனில் நஃபீசா கேட்டபோது "பெர்முடான்னு ஒரு புல்லு, ரொம்ப ஒசத்தி" என்று சொல்லி வைத்தார். சொன்னது சொன்னதுதான். அதற்கப்புறம் மாற்றிச் சொல்ல வாய் வரவில்லை.

அவர் மகள் ஷிஃபாவுக்கு அப்போது ஐந்து வயது இருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை அவளிடம் ஃபோனைக் கொடுத்தார்கள்.

"அத்தா, ஒங்க புல்லு மேல நடந்தா எப்படி இருக்கும்?"

அவர் அந்தப் புல்லின் மேல் வெறுங்காலோடு நின்றதே கிடையாது. வேலையாட்கள் பூட்ஸ் போட வேண்டும். புல்லில் உட்காரக் கூடாது. சாப்பாடெல்லாம் தகரக் கொட்டகையில்தான். அவர் வளர்த்த புல்லில் யார் யாரோ வந்து பந்து அடித்தார்கள், படுத்துப் புரண்டார்கள், போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அவர் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"பஞ்சு மாதிரி இருக்கும்மா" என்று சொன்னார். "நம்ம வூட்டுலயும் போடுவேன். அதுல நீ நடந்து போவணும்."

குழந்தை மறந்துவிட்டது. அத்தா மறக்கவில்லை. ஷிஃபா வளர்ந்தாள், பள்ளி முடித்தாள், ஃபார்மசி படித்தாள், தஞ்சாவூரில் ஒரு மருந்துக்கடையில் வேலைக்குப் போனாள். அவர் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை விடுப்பில் வந்து ஒரு மாதம் விருந்தாளி மாதிரி இருந்துவிட்டுப் போனார். இப்போது ஒரேயடியாக வந்து சேர்ந்த வருஷமே அவளுக்கு மாப்பிள்ளையும் அமைந்துவிட்டது. மாப்பிள்ளை நௌஷாதுக்கு மலேசியாவில் வேலை. தை மாதம் நிக்காஹ், அடுத்த வாரமே பயணம். ஆக, மகள் வாசல்படி இறங்கி மாப்பிள்ளை வீட்டு வண்டி ஏறுகிற அந்த நேரத்தில் அவள் கால் தன் புல்லில் பட வேண்டும். அது தவறினால் இனி எப்போது? காதர் மைதீனுக்கு அது ஒன்றுதான் குறி. பந்தல், பிரியாணி, பத்திரிகை எல்லாம் நஃபீசா பொறுப்பு.

ஆடியில் வாய்க்காலில் தண்ணீர் வந்ததும் வேலையைத் தொடங்கினார். மண்ணைக் கொத்தி, கல் பொறுக்கி, மணல் கலந்து, பலகை போட்டு இழுத்துச் சமப்படுத்தினார். ஒரு நர்சரியிலிருந்து சாக்கில் கட்டிப் புல் கொண்டுவந்து ஜாண் இடைவெளியில் நட்டார். புரட்டாசி முடிவதற்குள் தரை மூடிவிட்டது. அப்புறம் பாயின் அட்டகாசம் தொடங்கியது. கோழி வந்தால் விரட்டுவார். பால்காரர் கேட்டுக்கு வெளியிலேயே நிற்க வேண்டும். நஃபீசா துணி காயப்போட மாடிக்குப் போக வேண்டும். யார் வந்தாலும் முதலில் ஸலாம் இல்லை, வணக்கம் இல்லை. "புல்லுல கால வெக்காதீங்க, ஓரமா வாங்க" என்பதுதான் வரவேற்பு.

"மனுசன் வர்ற வூடா இது" என்று நஃபீசா அலுத்துக்கொண்டாள்.

பக்கத்து வயல் அம்சத்துடையது. ஒரு காலத்தில் ஊரார் வயலிலெல்லாம் களையெடுக்கப் போனவள், இப்போது சொந்த நிலம் வைத்திருக்கிறாள். இருந்தாலும் களையெடுப்புக்குப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு போவதை விடவில்லை. அந்த வட்டாரத்தில் அம்சத்தின் ஆட்கள் இறங்கி ஏறிய வயலில் பயிரைத் தவிர வேறு பச்சை மிஞ்சாது. அவள் தன் வரப்பில் நின்று காதர் பாயின் முற்றத்தைத் தினமும் பார்த்தாள். பார்த்துப் பார்த்து மனசு கனத்தது.

பாய் ஏதோ வெளிநாட்டுப் புல் நட்டார், பாவம். அது வரவே இல்லை. அதன் தலைமேல் அருகு ஏறி மண்டிவிட்டது. இதுதான் அம்சத்துக்குத் தெரிந்த விஷயம். ஊரில் மற்றவர்களுக்கு, ஏன் நஃபீசாவுக்கும்கூட, தெரிந்தது இதுதான். பாய் மெஷினை வைத்து வாரா வாரம் அதை வெட்டித் தள்ளுவதைப் பார்க்கும்போது இன்னும் பாவமாக இருந்தது. வெட்ட வெட்ட அது தழைக்கும், வேரோடு எடுத்தால்தான் போகும் என்று சின்னப்பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஆனால் இத்தனை வருஷம் புல் உத்தியோகம் பார்த்து வந்தவரிடம் போய் உங்கள் புல் செத்துப்போச்சு என்று எந்த முகத்தோடு சொல்வது? ஊரே நாகரிகமாக வாயை மூடிக்கொண்டது.

நிக்காஹுக்கு முந்தைய புதன்கிழமை, காதர் மைதீன் சொந்தக்காரர்களை அழைக்கக் கூத்தாநல்லூர் வரை போயிருந்தார். மதியம் தாண்டித் திரும்பி வந்து பஸ்ஸை விட்டு இறங்கும்போதே வீட்டு வாசலில் பேச்சுச் சத்தம் கேட்டது. கல்யாண வீட்டில் நாலு பேர் இருக்கத்தான் செய்வார்கள் என்று நினைத்து கேட்டைத் திறந்தார்.

முற்றம் வெறும் மண்ணாகக் கிடந்தது. ஒரு பச்சை கிடையாது. கொத்தி, வேர் பொறுக்கி, துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. ஓரத்தில் அம்சமும் ஏழெட்டுப் பெண்களும் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். நஃபீசா முகமெல்லாம் சிரிப்பாகத் தட்டில் முறுக்கு எடுத்து வந்தாள்.

"வாங்க பாய்" என்றாள் அம்சம். "கல்யாண வூட்டுக்கு எங்களால ஆனது. கூலி கீலின்னு பேசக் கூடாது, ஆமா."

"புல்லு..." என்றார் காதர் மைதீன்.

"அத ஏன் கேக்குறீங்க. வேரு அம்மாம் ஆழம் போயிருக்கு. களைக்கொட்டு வெச்சுத் தோண்டித்தான் எடுத்தோம். ஒங்க வெளிநாட்டுப் புல்லு ஒண்ணு ரெண்டு அடியில மிஞ்சியிருந்தா அத மட்டும் விட்டுரலாம்னு வெரல விட்டுத் தேடிப் பாத்தோம். ஒண்ணுகூட இல்ல. எல்லாத்தையும் அருகு அமுக்கிடுச்சு."

"புடுங்குனது எங்க?"

"வேரோட போட்டு வெச்சா மறுபடி புடிச்சுக்கும்ல. ஆத்தங்கரையில கொண்டு போயி வைக்கோலப் போட்டுக் கொளுத்தியாச்சு."

பேசினால் என்ன வருமோ என்று காதர் மைதீனுக்கே பயமாக இருந்தது. இந்தப் பெண்கள் தங்கள் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு வந்து, வெயிலில் முதுகு ஒடியக் குனிந்து, அவர் மகள் கல்யாணத்துக்காகச் செய்த காரியம் இது. நஃபீசா கொடுத்த டீயை வாங்கி நின்றபடியே குடித்தார். "ரொம்ப நன்றிங்க" என்று சொன்னார். சொல்லிவிட்டு உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்தார்.

பின்னாலேயே நஃபீசா வந்தாள். "என்னங்க, மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?"

"நஃபீசா, அதுதான் பெர்முடா."

"எது?"

"அவங்க புடுங்கிப் போட்டது."

"அப்ப அருகு?"

"அதுவும் அதுதான்."

நஃபீசாவுக்கு இது விளங்கக் கொஞ்ச நேரம் ஆனது. விளங்கியதும் வந்த கோபம் புல் போனதற்காக இல்லை. எத்தனை கல்யாணத்தில், எத்தனை பேரிடம், எங்கள் வீட்டுக்காரர் பெர்முடா வளர்க்கிறார் என்று கழுத்துச் சங்கிலியைச் சரி செய்துகொண்டே சொல்லியிருப்பாள். "இருபது வருசமா அருகம்புல்லுக்கு என்னைப் பெருமையடிக்க வெச்சீங்களா?" என்று கேட்டாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவர் கண் கலங்கியிருந்ததைப் பார்த்ததும் அவளுக்குக் கோபம் பாதியில் நின்றுவிட்டது.

"அம்சத்துக்கிட்ட சொல்லிடாத" என்றார். "நல்லது நெனச்சு செஞ்சுருக்காங்க. மனசு கஷ்டப்படும்."

சொல்ல மாட்டேன் என்று நஃபீசா சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னாள். நஃபீசாவிடம் எந்த விஷயமும் ஒரு வேளைக்கு மேல் தங்கியதில்லை. மறுநாள் விடிந்து பால் காய்ச்சும் நேரத்துக்கு அம்சம் கேட்டில் வந்து நின்றாள். முகத்தில் வருத்தம் இருந்ததா என்றால் இருந்தது. ஆனால் வருத்தத்தைவிட எரிச்சல் அதிகமாக இருந்தது.

"ஏன் பாய், இது அருகுதான், ஆசைக்கு வளக்குறேன்னு ஒரு வார்த்த சொன்னா நாங்க என்ன ஒங்களக் கடிச்சா தின்னுருவோம்?"

"சிரிப்பீங்களேன்னு..."

"சிரிக்கத்தான் செய்வோம். சிரிச்சுட்டுப் போறோம். இப்ப நேத்து ராத்திரி பூராவும் எனக்குத் தூக்கம் இல்ல." கேட்டைத் தள்ளி உள்ளே வந்து, "எதுக்கு வளத்தீங்க, அதச் சொல்லுங்க" என்றாள்.

காதர் மைதீன் சொன்னார். ஃபோனில் குழந்தை கேட்டது, தான் பஞ்சு மாதிரி என்று சொன்னது, அங்கே உட்காரக்கூட விடாதது, எல்லாவற்றையும் சொன்னார். நஃபீசாவிடம்கூட அத்தனையும் சொன்னதில்லை. அம்சம் மண்ணைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"இது செத்தெல்லாம் போவல பாய். நான் வயசுக்கு வந்த நாள்லேருந்து இதப் புடுங்குறேன். எல்லாக் களையையும் செயிச்சிருக்கேன். இதுக்கிட்ட மட்டும் ஒரு தடவகூட செயிச்சதில்ல. பாத்துக்கிட்டே இருங்க, பத்துப் பதினஞ்சு நாள்ல தலையக் காட்டிரும்."

"நிக்காஹ் ஞாயித்துக்கெழம."

"அதானே" என்றாள் அம்சம். பிறகு தன் வயல் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

வயலில் சம்பா பழுத்துத் தலை சாய்ந்து நின்றது. அறுப்புக்குத் தண்ணீரை வடித்துவிட்டிருந்தாள். அதன் வரப்பு நெடுக, அடர்ந்து, தரையோடு தரையாகப் படர்ந்து கிடந்தது அருகு. வயலுக்குள் அதைக் கண்டால் அம்சத்துக்கு ஆகாது. ஆனால் வரப்பில் அது வேண்டும். மழையில் கரையாமல் வரப்பைப் பிடித்து வைத்திருப்பது அதன் வேர்தான். அந்தத் தெருவில் உள்ள எல்லாக் கால்களும் அதன்மேல் நடந்திருக்கின்றன. ஓரமாக வாங்க என்று அதன் பக்கத்தில் யாரும் சொன்னதில்லை.

"பத்தை பத்தையா வெட்டி எடுத்துப் பாவிரலாமா?" என்று கேட்டாள்.

காதர் மைதீனுக்கு நம்ப முடியவில்லை. "வரப்பு போயிருமேங்க."

"அறுப்பு முடிஞ்சா எப்படியும் வரப்ப வெட்டித்தான் கட்டணும். ஆனா ஒண்ணு பாய். இது இரவல்தான். கல்யாணம் முடிஞ்சதும் எனக்குத் திருப்பி வேணும்."

சனிக்கிழமை காலையில் அம்சத்தின் ஆட்கள் மறுபடியும் வந்தார்கள். இந்தத் தடவை மண்வெட்டியோடு. ஒரு முழம் சதுரமாக மண்ணோடு பெயர்த்துச் சட்டியில் சுமந்துவந்து, வாசல்படியிலிருந்து கேட் வரைக்கும் இரண்டு ஆள் அகலத்துக்கு வரிசையாகப் பாவினார்கள். பெண்களுக்கு வேலையைவிடச் சிரிப்புதான் அதிகமாக இருந்தது. "அருகு நட்ட மொத பொம்பளைங்க நாமதான்டி. வெளியில சொன்னா ஒருத்தன் வேலைக்குக் கூப்புட மாட்டான்" என்று ஒருத்தி சொல்ல, எல்லோரும் மண்ணில் உட்கார்ந்து சிரித்தார்கள். காதர் மைதீன் அபுதாபியில் கற்ற வித்தையெல்லாம் காட்டினார். பத்தைக்கும் பத்தைக்கும் இடைவெளி விடாதீங்க, மட்டம் பாருங்க, தட்டிவிடுங்க என்று சுற்றிச்சுற்றி வந்தார். தண்ணீர் தெளித்து முடித்தபோது முற்றத்துக்கு நடுவில் வரப்பு ஒன்று வழி தவறி வந்து படுத்துக்கொண்ட மாதிரி இருந்தது. நடுவில் ஒரு நண்டு வளைகூட அப்படியே வந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பள்ளிவாசலில் நிக்காஹ் முடிந்து எல்லோரும் சாப்பாட்டுக்கு வீட்டுப் பந்தலுக்கு வந்தார்கள். அங்கேதான் காதர் மைதீனுக்குப் புதுச் சிக்கல். வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் வயல்காட்டில் பிறந்து வளர்ந்தவர்கள். புதிதாக நட்டது என்று கண்ணுக்குத் தெரிந்த பச்சையின் மேல் அவர்களுக்குக் கால் வராது. வெள்ளைச் சட்டையும் பட்டுப் புடவையுமாக, ஈரம் கசிந்த சேற்றில் ஓரம் ஓரமாகத் தாவித் தாவிப் போனார்கள்.

"புல்லு மேலயே வாங்க, நடக்கத்தான் போட்டது" என்று கெஞ்சினார் காதர் மைதீன்.

"இருக்கட்டும் பாய், மிதிபட்டுரும்" என்று சொல்லிவிட்டுப் புதுச் செருப்பைச் சேற்றில் வைத்தார்கள். ஆறு மாதம் இதே ஆட்களிடம் ஓரமாக வாங்க என்று தொண்டை கிழியக் கத்திய வாய்தான் இப்போது கெஞ்சியது. நஃபீசா ஜன்னல் வழியாகப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

மாலை அஸர் தொழுகை முடிந்து மாப்பிள்ளை வீட்டு வண்டி கேட்டில் வந்து நின்றது. ஷிஃபாவை வாசலுக்கு அழைத்துவந்தார்கள். நஃபீசா அழுதாள், அழுகிற முறையில் இருந்த எல்லோரும் அழுதார்கள். ஷிஃபா படியில் நின்று அத்தாவைப் பார்த்தாள். அவள் அம்மா மூலமாக அவளுக்கும் எல்லாம் தெரிந்திருந்தது, அதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை. குனிந்து செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுப் புல்லில் கால் வைத்தாள்.

காதர் மைதீன் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தக் காலைப் பார்த்தார். மருதாணி போட்ட கால். இரண்டு அடி நடந்தது. மூன்றாவது அடியில் நின்றது.

"அத்தா" என்றாள் ஷிஃபா.

"என்னம்மா?"

"பஞ்சு மாதிரின்னு சொன்னீங்களே. குத்துது."

கூடியிருந்தவர்கள் அழுகையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். காதர் மைதீன் குனிந்து தன் ஷூவைக் கழற்றினார், காலுறையை உருவிப் பந்தல்காலில் மாட்டினார், மகள் பக்கத்தில் போய்ப் புல்லில் நின்றார். வெட்டுப்பட்ட தண்டின் நுனியெல்லாம் உள்ளங்காலில் சுருக்கென்றது. அடியில் மண் சில்லென்று இருந்தது. வாழ்நாளில் பாதியை இதற்குக் கொடுத்திருக்கிறார், இது குத்தும் என்று அவருக்கு இன்றைக்குத்தான் தெரிகிறது. அவர் சிரிக்கத் தொடங்கினார். சிரிப்போடு கண்ணீரும் வந்தது, அதைத் துடைக்கவும் இல்லை.

"ஆமாம்மா, குத்தத்தான் செய்யுது" என்றார்.

ஷிஃபா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். வண்டி வரைக்கும் இரண்டு பேரும் வெறுங்காலோடு நடந்தார்கள். நஃபீசா செருப்பை எடுத்துக்கொண்டு பின்னால் போனாள்.

வண்டி போய், தெருவில் தூசி அடங்கி, விருந்தாளிகளும் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். காதர் மைதீன் திரும்பி வந்து அந்தப் புல்லின் நடுவில், நண்டு வளைக்குப் பக்கத்தில், கல்யாணத்துக்குத் தைத்த வெள்ளைப் பேண்ட்டோடு உட்கார்ந்தார். காலை நீட்டிக்கொண்டார். கேட்டில் அம்சம் சட்டியும் மண்வெட்டியுமாக வந்து நின்றாள். அவரைப் பார்த்ததும் சட்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"எடுக்கணுமாங்க?" என்று கேட்டார் காதர் மைதீன்.

"ஒக்காருங்க பாய்" என்றாள் அம்சம். "காலைல வந்து எடுத்துக்குறேன்."